பாவத்தைத் தண்டிக்கும் உரிமை யாருக்கு?

2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 16-ஆம் நாள், வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். மளிகைக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என் தோளைத் தொட்டார்.

"ஏன் தம்பி, எடையைக் குறைத்து விற்பது இனிமேல் குற்றமே இல்லை என்று கோர்ட்டு சொல்லிவிட்டதாமே? வட்டி வாங்கினாலும் கேட்பாரில்லையாமே? மார்க்கத்துக்கு வந்த சோதனையைப் பார்த்தீர்களா!"

பக்கத்தில் நின்ற அவருடைய மருமகன், சாப்பாட்டுக் கடை நடத்துபவர், "அப்படியில்லை மாமா, எடைக்குச் சட்டம் எப்போதும் போல இருக்கிறது. அடிக்கிற கைதான் மாறியிருக்கிறது" என்றார்.

பெரியவருக்கு மனம் ஆறவில்லை. "கை மாறினால் மார்க்கம் போய்விடாதா?" என்று கேட்டுவிட்டுக் கடைக்கு நடந்துவிட்டார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கோபத்தில் கேட்ட கேள்வியானாலும் அது ஆழமான கேள்வி. ஒரு செயல் பாவமாகவும் குற்றமாகவும் இருக்குமானால், அதைத் தண்டிக்கும் உரிமை யாருக்கு? தண்டிக்கும் உரிமை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனால் பாவத்தின் கனம் குறையுமா? தராசைப் பிடித்துப் பிழைக்கின்ற நாம் இதை அமைதியாக எண்ணிப் பார்க்கவேண்டும்.

நடந்தது என்ன?

கிளந்தான் மாநிலச் சட்டமன்றம் 2019-ஆம் ஆண்டு ஷரீஅத் குற்றவியல் சட்டம் ஒன்றை இயற்றியது. 2021 நவம்பர் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் 18 பிரிவுகளை இயற்ற அந்த மாநிலத்திற்கு அதிகாரம் இல்லை என்று நிக் எலின் என்ற வழக்கறிஞரும் அவருடைய மகளும் கூட்டரசு நீதிமன்றத்தில் மனுச் செய்தனர். அவ்விருவரும் முஸ்லிம்களே, கிளந்தானில் பிறந்தவர்களே. ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து விசாரித்தார்கள். 2024 பிப்ரவரி 9-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. எட்டு நீதிபதிகள் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம். 18 பிரிவுகளில் 16 செல்லாது, 2 செல்லும் என்பது பெரும்பான்மையோரின் முடிவு. மாறுபட்ட நீதிபதியோ, மனுதாரர்களுக்கு இவ்வழக்கைத் தொடுக்கவே தகுதியில்லை என்று கருதினார்.

விழுந்த பதினாறில் பல, கடைக்காரர்களாகிய நம்மைத் தொடுபவை. எடையையும் அளவையையும் குறைத்தல், ஷரீஅத்துக்கு முரணான கொடுக்கல் வாங்கல், வட்டி வியாபாரம், ஹலால் முத்திரையைத் தவறாகப் பயன்படுத்தல், சூதாட்டம், பொய்ப் பத்திரம் வைத்திருத்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும். மற்றவை பெரும்பாலும் ஒழுக்கக்கேடு பற்றியவை.

அப்போதைய தலைமை நீதிபதி துன் தெங்கு மைமுன் அவர்கள் தீர்ப்பில் ஒன்றைத் தெளிவாக்கினார். இது இஸ்லாம் உயர்ந்ததா தாழ்ந்ததா என்ற வழக்கன்று. ஷரீஅத் நீதிமன்றங்கள் இருக்கவேண்டுமா என்ற வழக்குமன்று. ஒரு மாநிலச் சட்டமன்றம் அரசியலமைப்பு போட்ட கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பதே கேள்வி. ஆனால் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்த செய்தி வேறு உருவம் எடுத்தது. "எடைக் குறைப்பு குற்றமில்லை" என்று அது நம் பெரியவரின் காதில் விழுந்தது. அப்படி எந்த நீதிபதியும் சொல்லவில்லை.

பங்காளிகளின் ஒப்பந்தம்

நம் தொழிலிலிருந்தே ஓர் உவமை எடுத்துக்கொள்வோம். இருவர் கூட்டு வியாபாரம் தொடங்குகிறார்கள். கொள்முதல் ஒருவர் பொறுப்பு. கடையும் சில்லறை விற்பனையும் மற்றவர் பொறுப்பு. எழுதிக் கையெழுத்தும் இட்டாயிற்று. ஒரு நாள் கடையைப் பார்ப்பவர், "நல்ல சரக்கு வருகிறது, லாபம் நிச்சயம்" என்று தாமே ஆயிரம் மூட்டைக்கு ஒப்பந்தம் போட்டு வருகிறார். அவர் திருடவில்லை; தீங்கு எண்ணவுமில்லை. ஆயினும் அந்தக் கையெழுத்து அவர் போடவேண்டிய கையெழுத்தன்று. பங்காளி அதை ஏற்க மறுத்தால் நாம் பங்காளியைக் குறை சொல்வோமா?

1957-இல் மலாயா சுதந்திரம் பெற்றபோது இப்படி ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் கூட்டரசுக்கும் மாநிலங்களுக்கும் தனித்தனிப் பட்டியல்கள் உள்ளன. கூட்டரசுப் பட்டியலில் பாராளுமன்றத்தின் பொறுப்புகள் இருக்கின்றன: குற்றவியல் சட்டம், வாணிபம், எடையும் அளவையும், வங்கி, வட்டிக்கடை, அடகுக்கடை முதலியன. மாநிலப் பட்டியலின் முதல் இடத்தில் இஸ்லாமிய மார்க்க விஷயங்கள் இருக்கின்றன: திருமணம், தலாக், வாரிசுரிமை, வக்பு, ஜக்காத், பள்ளிவாசல்கள் முதலியன. அதே இடத்தில், இஸ்லாமியர்கள் மார்க்கக் கட்டளைகளுக்கு மாறாகச் செய்யும் குற்றங்களை வகுத்துத் தண்டிக்கும் உரிமையும் மாநிலத்திற்குத் தரப்பட்டிருக்கிறது. ஆனால் அதோடு ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கூட்டரசுப் பட்டியலில் அடங்கிய விஷயங்கள் அதற்கு விலக்கு. வழக்கு முழுவதும் சுழன்றது இந்த ஒரு விலக்கைச் சுற்றித்தான்.

இந்த விலக்கின் பொருளை நீதிமன்றம் 2021 பிப்ரவரி 25-ஆம் நாளிலேயே இன்னொரு வழக்கில் விளக்கிவிட்டது. சிலாங்கூர் மாநிலத்தின் 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில், இயற்கைக்கு முரணான உறவைப் பற்றிய ஒரு பிரிவு அன்று செல்லாததாயிற்று. அதே குற்றம் நாட்டின் தண்டனைச் சட்டத்திலும் இருக்கிறது. ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னதன் சாரம் இது: ஒரு விஷயம் பாராளுமன்றத்தின் அதிகாரத்துக்குள் இருக்குமானால், அதை மாநிலம் குற்றமாக வகுக்க முடியாது. பாராளுமன்றம் அதைப் பற்றிச் சட்டம் செய்துவிட்டதா இல்லையா என்பது பெரிதன்று; செய்யும் அதிகாரம் யாரிடம் என்பதே பெரிது.

ஒப்பந்தங்களை நிறைவேற்றுவது மார்க்கக் கடமை என்பதை நாம் அறிவோம். திருக்குர்ஆன் அதைத் தெளிவாகக் கட்டளையிடுகிறது. நாடு என்பதும் ஓர் ஒப்பந்தமே. சுல்தான்களும் மக்கள் தலைவர்களும் ஒத்துக்கொண்ட ஒப்பந்தம் அது. அதற்கு நகல் எழுதிய ரீட் ஆணைக்குழுவில் பாகிஸ்தானிலிருந்து வந்த நீதியரசர் அப்துல் ஹமீதும் ஒருவர். கூட்டரசின் மார்க்கம் இஸ்லாம் என்ற வாசகம் இடம்பெறவேண்டும் என்று தனிக் குறிப்பு எழுதியவர் அவரே. அந்த வாசகமும் இடம்பெற்றது. அதிகாரப் பங்கீடும் இடம்பெற்றது. இரண்டும் ஒரே ஏட்டில் இருக்கின்றன. ஒரு பக்கத்தைப் படித்து மறு பக்கத்தைக் கிழிப்பது நாணயமாகுமா?

வேலி இரு பக்கமும் காக்கும்

"இந்த வேலி எப்போதும் மாநிலத்தை மட்டுமே தடுக்கிறதே" என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் இன்னொரு வழக்கை நினைவில் கொள்ளவேண்டும். 1983-இல் பாராளுமன்றம் தண்டனைச் சட்டத்தில் 298ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. மார்க்கத்தின் பெயரால் பிளவும் பகையும் உண்டாக்குவதைக் குற்றமாக்குவது அதன் நோக்கம் எனப்பட்டது. திரெங்கானுவில் அனுமதியின்றி ஜும்ஆவுக்கு பிலாலாகவும் கதீபாகவும் இமாமாகவும் நின்றார்கள் என்று சிலர்மீது அதன்கீழ்க் குற்றம் சாட்டப்பட்டது. வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1988-ஆம் ஆண்டுச் சட்ட ஏடுகளில் அத்தீர்ப்பு வெளிவந்தது. மூன்று நீதிபதிகள் ஒரு பக்கமும் இருவர் மறுபக்கமும் நின்று, அந்தப் பிரிவு செல்லாது என்று முடிவாயிற்று. காரணம் என்ன? மேலே பொது அமைதி என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது மார்க்க விஷயம். மார்க்கம் மாநிலத்தின் பொறுப்பு. பாராளுமன்றம் அங்கே கைநீட்ட முடியாது.

நீதிமன்றம் பார்ப்பது மூட்டையின் மேல் ஒட்டிய சீட்டை அன்று, உள்ளே இருக்கும் சரக்கை. பொது அமைதி என்று சீட்டு ஒட்டி மார்க்கத்தை உள்ளே வைத்தாலும் பிரிக்கும். மார்க்கம் என்று சீட்டு ஒட்டிப் பொதுக் குற்றத்தை உள்ளே வைத்தாலும் பிரிக்கும். அன்று வேலி மாநிலத்தைக் காத்தது. இன்று கூட்டரசைக் காக்கிறது. தனக்கு உதவும்போது வேலியைப் புகழ்ந்து, தடுக்கும்போது பிடுங்குவது நியாயமன்று.

இறைவனின் கடனும் அடியானின் கடனும்

இதுவரை சொன்னது சட்டம். பெரியவர் கேட்டது மார்க்கம். அங்கே வருவோம்.

எடைக் குறைப்பை நம் மார்க்கம் எவ்வளவு வெறுக்கிறது என்பதை எந்த வியாபாரிக்கும் சொல்லவேண்டியதில்லை. அளவில் மோசம் செய்வோரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஓர் அத்தியாயம் திருக்குர்ஆனில் இருக்கிறது. நபி ஷுஐப் (அலை) அவர்கள் தம் மக்களிடம் மன்றாடியதும் தராசைப் பற்றித்தான். அப்படியிருக்க, இதை மார்க்கக் குற்றம் அன்று என்று எப்படிச் சொல்லலாம்?

யாரும் அப்படிச் சொல்லவில்லை. கொலையும் மார்க்கக் குற்றமே; களவும் மார்க்கக் குற்றமே; பொய்ச் சாட்சியும் மார்க்கக் குற்றமே. மனிதன் மனிதனுக்குச் செய்யும் தீங்குகளில் மார்க்கம் தடுக்காத ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். மார்க்கம் தடுத்த அனைத்தையும் மாநிலமே தண்டிக்கலாம் என்றால் நாட்டில் மாநிலத்துக்கு ஒன்றாகத் தண்டனைச் சட்டங்கள் முளைக்கும். அவையும் முஸ்லிம்களுக்கு மட்டுமே பொருந்தும். கிளந்தான் 1993-இல் களவுக்கும் கொள்ளைக்கும் அப்படி ஒரு சட்டம் இயற்றிப் பார்த்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. எல்லாவற்றையும் மாநிலத்தின் கையில் கொடுத்துவிட்டால், அரசியலமைப்பில் எழுதிய விலக்கு வெறும் மையாகிவிடும்.

நம் உலமாக்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் ஒரு பாகுபாடு இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. ஹக்குல்லாஹ் என்பது அடியான் இறைவனுக்குப் பட்ட கடன். ஹக்குல் இபாத் என்பது அடியான் அடியானுக்குப் பட்ட கடன். தொழுகையை விட்டவன், நோன்பை விட்டவன், இறைவனிடம் அழுது மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் ஒரு கிலோ அரிசிக்குத் தொள்ளாயிரம் கிராம் நிறுத்துக் கொடுத்தவன், அந்த நூறு கிராமை யாரிடமிருந்து எடுத்தானோ அவரிடம் தீர்த்தாகவேண்டும். முஃப்லிஸ் யார் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு விளக்கியதை நாம் பலமுறை பயான்களில் கேட்டிருக்கிறோம். தொழுகையோடும் நோன்போடும் வந்தும், பிறருக்குச் செய்த அநியாயத்துக்கு ஈடாக நன்மைகள் எல்லாம் போய்க் கையை விரித்து நிற்பவனே உண்மையில் திவாலானவன். வியாபாரிகளுக்கு இதைவிடப் புரியும் மொழியில் யாரால் சொல்லமுடியும்?

இப்போது எண்ணுங்கள். நம் கடையில் அரிசி வாங்க வருபவர் யார்? மலாய்க்காரர் வருகிறார், சீனர் வருகிறார், தமிழ் இந்து வருகிறார். நூறு கிராம் குறைந்தால் குறைந்தது அவர்கள் எல்லாருக்கும்தான். அந்தக் குற்றத்தில் இழந்தவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு மதம் எதுவாயினும் அவன் உரிமை ஒன்றே. அதுபோலவே, பக்கத்துக் கடைச் சீனர் எடையைக் குறைத்தால் நம் வீட்டுக்கு வரும் சாமானும் குறையும். ஆகவே தராசுக்கு ஒரே சட்டம் இருப்பது நமக்கும் காப்பு, அவருக்கும் காப்பு. முஸ்லிம் கடைக்காரனுக்கு மட்டும் ஒரு தராசுச் சட்டம், மற்றவனுக்கு வேறு ஒன்று என்பது கடைத்தெருவை இரண்டாகப் பிளக்கும்.

இது புதுமையுமன்று. முற்கால முஸ்லிம் நகரங்களில் முஹ்தஸிப் என்ற அதிகாரி கடைத்தெருவைச் சுற்றி வருவார். தராசையும் படிக்கல்லையும் சோதிப்பார். கடைக்காரன் முஸ்லிமா, யூதனா, கிறிஸ்தவனா என்று பார்த்தா அவர் படிக்கல்லைத் தூக்கினார்? கடைத்தெரு முழுவதும் அவர் கண்காணிப்பில் இருந்தது.

நம் முன்னோரும் இத்தகைய பொதுச் சட்டத்தின்கீழ்தான் கடை வைத்தார்கள். பொய்த் தராசையும் பொய்ப் படிக்கல்லையும் தண்டிக்கும் 264 முதல் 267 வரையிலான பிரிவுகள் 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் எழுதப்பட்டவை. 1871-இல் நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டம் அதைப் பின்பற்றியே இயற்றப்பட்டது. இன்றும் மலேசியத் தண்டனைச் சட்டத்தில் அதே எண்களில் அவை இருக்கின்றன. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய கடைக்காரருக்குக் கடல் மாறியது. தராசுச் சட்டம் மாறவில்லை. பின்னர் 1972-ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டம் வந்தது. காட்டியும் தாஹிலும் போய்க் கிலோவும் கிராமும் வந்தன. இவற்றில் எதையும் அந்தத் தீர்ப்பு தொடவில்லை. எடையைக் குறைப்பவன் கிளந்தானிலும் குற்றவாளியே.

மூன்று பொருள்கள், மூன்று பாடங்கள்

விழுந்த பிரிவுகளில் மூன்றை மட்டும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்போம்.

முதலாவது எடை. இங்கே மார்க்கமும் பொதுச் சட்டமும் ஒன்றையே சொல்கின்றன. மாநிலச் சட்டம் போனதால் குற்றவாளிக்குத் தப்பும் வழி ஒன்றும் திறக்கவில்லை.

இரண்டாவது ஹலால் முத்திரை. இது நம் மார்க்கத்துக்கே உரிய விஷயமாயிற்றே என்று தோன்றும். ஆனால் பொய்யாக ஹலால் என்று எழுதி விற்பது, வாங்குபவனை ஏமாற்றும் வாணிபக் குற்றமும் ஆகும். 2011-ஆம் ஆண்டு வர்த்தக விவரிப்புச் சட்டத்தின்கீழ் ஹலால் என்றால் என்ன, அதற்குச் சான்று தரத் தகுதியுடையவர் யார் என்று கூட்டரசே ஆணை பிறப்பித்திருக்கிறது. முஸ்லிம் அல்லாதவர் நடத்தும் தொழிற்சாலையும் அதற்குக் கட்டுப்பட்டது. மாநிலத்தின் ஷரீஅத் சட்டமோ முஸ்லிமை மட்டுமே தண்டிக்க முடியும். பொய் முத்திரை குத்துபவன் முஸ்லிம் அல்லாதவனாக இருந்தால் அச்சட்டம் அவன் வாசலில் நின்றுவிடும். நம் வாய்க்குள் போகும் உணவைக் காப்பதில் இங்கே பொதுச் சட்டத்தின் கையே நீளமானது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 1965-ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் ஒன்று ஷரீஅத் நீதிமன்றத் தண்டனைகளுக்கு வரம்பு கட்டியிருக்கிறது. 1984-இல் திருத்தப்பட்டபடி மூன்றாண்டுச் சிறை, ஐயாயிரம் வெள்ளி அபராதம், ஆறு பிரம்படி என்பதே உச்சம். விழுந்த பிரிவுகளில் ஒழுக்கக்கேடு பற்றிய சிலவற்றுக்குப் பொதுத் தண்டனைச் சட்டம் விதிப்பது இதைவிடப் பன்மடங்கு கடுமையானது. ஆகவே, பிரிவுகள் விழுந்ததால் பாவிகளுக்குக் கொண்டாட்டம் என்பதும் சரியன்று.

மூன்றாவது வட்டி. இங்கேதான் நம் பெரியவரின் வேதனையில் உண்மை இருக்கிறது. அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. எடையில் பொதுச் சட்டம் மார்க்கத்தோடு சேர்ந்து நிற்கிறது. வட்டியில் அப்படியன்று. 1951-ஆம் ஆண்டு வட்டித்தொழில் சட்டம் உரிமம் பெற்றவருக்கு வட்டி வாங்க இடம் தருகிறது. ஈடு வைத்த கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு, ஈடில்லாத கடனுக்குப் பதினெட்டு என்று அளவு மட்டுமே குறிக்கிறது. மார்க்கம் ஹராம் என்றதைப் பொதுச் சட்டம் இவ்வளவு வரை ஆகும் என்கிறது. மாநிலப் பிரிவும் போய்விட்டது. ஆகவே, உரிமத்தோடும் அளவுக்குள்ளும் வட்டி வாங்கும் முஸ்லிமைக் கிளந்தானின் அந்தப் பிரிவைக் காட்டி இனித் தடுக்க முடியாது.

அப்படியானால் பெரியவர் சொன்னது சரிதானா? கை மாறியதால் மார்க்கம் போய்விட்டதா?

காவலன் இல்லாத இடம்

சிறு வயதில் நாம் எல்லாரும் கேட்ட கதை ஒன்று உண்டு. கலீபா உமர் (ரலி) அவர்கள் பாலில் தண்ணீர் கலக்கக் கூடாதென்று ஆணை பிறப்பித்திருந்தார்கள். இரவில் ஊரைச் சுற்றி வரும்போது ஒரு வீட்டில் தாய் மகளிடம் பாலில் தண்ணீர் ஊற்றச் சொல்வது காதில் விழுந்தது. மகள் கலீபாவின் ஆணையை நினைவூட்டினாள். உமரா இங்கே பார்க்கிறார் என்றாள் தாய். உமர் பார்க்காவிட்டாலும் உமரின் இறைவன் பார்க்கிறான் என்பது மகளின் பதிலின் கருத்து. அந்தப் பெண்ணையே கலீபா தம் மருமகளாக்கிக்கொண்டார் என்று கதை முடியும்.

இந்தக் கதையில் ஆணையும் இருக்கிறது. அதைப் பிறப்பித்தவர் நீதியில் நிகரற்ற ஆட்சியாளர். இரவில்கூடக் காவல் சுற்றுபவர். ஆயினும் கதை நம் நெஞ்சில் நிற்பது ஆணையால் அன்று. ஆணைக்கு எட்டாத இடத்தில் அந்தப் பெண் நின்ற நிலையால். ஆணை தாயையும் கட்டியது, மகளையும் கட்டியது. ஒருத்தி காவலனை எண்ணினாள். ஒருத்தி இறைவனை எண்ணினாள்.

வட்டியை விடுவது மூன்றாண்டுச் சிறைக்கு அஞ்சியா, மறுமைக்கு அஞ்சியா என்று நம் நெஞ்சையே கேட்போம். சிறைக்கு அஞ்சி விட்டவன் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தான்; அது சமூகத்துக்கு நன்மையே, மறுக்கவில்லை. ஆனால் அவன் ஈமானின் எடை இன்னும் நிறுக்கப்படவில்லை. உரிமமும் இருக்கிறது, அளவும் இருக்கிறது, கேட்பாரும் இல்லை. அப்போதும் கை நீட்டாதவனிடம்தான் அந்த எடை தெரியும்.

இதைச் சொன்னால், "அப்படியானால் சட்டமே வேண்டாமா? எல்லாரும் அந்தப் பெண்ணைப் போலவா இருக்கிறார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சட்டம் வேண்டும். பலவீனனுக்குக் கைத்தடி வேண்டும். ஆனால் அந்தக் கைத்தடியைத் தரவேண்டியவர் யாரோ அவரிடம் கேட்கவேண்டும். வட்டியும் வங்கியும் பாராளுமன்றத்தின் பொறுப்பு என்றால், அந்தப் பொறுப்பை நிறைவேற்றும்படி பாராளுமன்றத்தைக் கேட்பது நம் உரிமை. முன்பு அப்படிக் கேட்டுப் பெற்றதும் உண்டு. 1983-இல் பாராளுமன்றம் இஸ்லாமிய வங்கிச் சட்டத்தை இயற்றியது; அதே ஆண்டில் பேங்க் இஸ்லாம் தோன்றியது; 2013-இல் அதைவிட விரிவான இஸ்லாமிய நிதிச் சேவைச் சட்டம் வந்தது. வட்டி வாங்கியவனை அடிக்கும் பிரம்பு ஒரு வழி. வட்டியில்லாமல் முதல் கிடைக்கச் செய்யும் கதவு இன்னொரு வழி. கடைக்கு முதல் தேடி அலைந்தவர்களுக்கு எது உதவும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

ஒரு கவலையை மட்டும் ஒதுக்கிவிடக் கூடாது. குற்றவியல் சட்டம் என்ற சொல் மிக அகலமானது. அதை அளவின்றி இழுத்தால் மாநிலத்திடம் ஒன்றுமே எஞ்சாது. நோன்பு நாளில் பகலில் உண்பதும், ஜும்ஆவை விடுவதும், ஜக்காத்துக் கொடுக்க மறுப்பதும், அனுமதியின்றி மார்க்கம் போதிப்பதும் மாநிலங்களின் ஷரீஅத் சட்டங்களில் காலங்காலமாக இருந்துவருபவை. அவை இறைவனுக்கும் அடியானுக்கும் இடையிலும், ஜமாஅத்தின் ஒழுங்கிலும் அடங்கியவை. வேலி அங்கே வரை நகர்ந்தால் அப்போது நாமும் குரல் எழுப்பவேண்டும். மாநிலத்துக்கு என்று எழுதிக் கொடுத்ததை எடுப்பதும் ஒப்பந்த மீறலே. நீதிமன்றம் பிரிவு பிரிவாகப் பிரித்துப் பார்த்து இரண்டை நிலைநிறுத்தியது, கோடு இருக்கிறது என்பதற்கு அடையாளம். சூதும் போதைப் பொருளும் அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் என்பதில் நல்ல மனிதர்களும் மாறுபடலாம். அறிவோடு வாதிடட்டும், ஒருவரையொருவர் மார்க்க விரோதி என்று தூற்றவேண்டாம்.

நம் வியாபாரிகள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்தத் தீர்ப்பு நேராகத் தொட்டது கிளந்தானின் பிரிவுகளை மட்டுமே. மற்ற மாநிலங்களில் அதுபோன்ற பிரிவுகள் இருந்தால், நீதிமன்றம் சொல்லும் வரையோ மாநிலம் திருத்தும் வரையோ அவை ஏட்டில் இருப்பவையே. கோலாலம்பூர் போன்ற கூட்டரசுப் பிரதேசங்களிலோ மார்க்கச் சட்டத்தையும் பாராளுமன்றமே இயற்றுகிறது. சிங்கப்பூரில் உள்ள நம் சகோதரர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. அங்கே இரண்டு பட்டியல்கள் இல்லை; 1966-இல் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தை இயற்றியதும் அதே பாராளுமன்றம், தராசுக்குச் சட்டம் இயற்றுவதும் அதே பாராளுமன்றம். பட்டியல் ஒன்றானாலும் இரண்டானாலும் நம் கடை தராசின் முள் ஒன்றுதான்.

பெரியவருக்கு

மறு வெள்ளிக்கிழமை அந்தப் பெரியவரின் கடைக்குப் போனேன். இதையெல்லாம் சொல்லவேண்டுமென்றுதான் போனேன். கடையில் கூட்டம். ஒரு சீன மூதாட்டி வெங்காயம் கேட்டார். பெரியவர் நிறுத்தார். முள் சரியாக வந்து நின்றது. பிறகு இன்னும் ஒரு வெங்காயத்தை எடுத்து மேலே போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

"அண்ணே, எடைதான் சரியாக இருந்ததே, பிறகு ஏன் ஒன்று கூட?" என்று கேட்டேன்.

"சரியாக இருந்தது என்று நமக்குத் தோன்றுகிறது தம்பி. நம் கண்ணுக்கு வயதாகிவிட்டது. நாளைக்கு அந்த அம்மாவை நான் எங்கே தேடுவேன்?" என்றார்.

நான் கொண்டுபோன விளக்கத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். கை மாறினால் மார்க்கம் போய்விடாதா என்று கேட்டவர் அவர். அந்த ஒரு வெங்காயத்தைப் போடச் சொல்லிக் கிளந்தான் சட்டமும் கட்டளையிடவில்லை, கூட்டரசுச் சட்டமும் கட்டளையிடவில்லை. தண்டிக்கும் உரிமை பாராளுமன்றத்திடம் இருக்கட்டும், சட்டமன்றத்திடம் இருக்கட்டும். அதை அரசியலமைப்பு தீர்மானிக்கும். நிறுக்கும் கடமை நம் கையில் இருக்கிறது. அதை எந்தத் தீர்ப்பும் நம்மிடமிருந்து எடுத்துவிடவில்லை, எடுத்துவிடவும் முடியாது.

வல்ல நாயன் நம் தராசுகளையும் நம் நெஞ்சங்களையும் நேராக வைப்பானாக. ஆமீன்.